ரஷ்யா மீதான தடைகள்: அடி யார் மேல் விழுந்தது?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எண்ணெய் விலை இழையில் ஒருவர் "தடை போட்டு என்ன கிழித்தார்கள், ரூபிள் நன்றாகத்தானே இருக்கிறது" என்று எழுதியிருந்தார். அங்கே பேச்சு பெட்ரோல் பங்க் பக்கம் போய்விட்டதால் இதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன்.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தது. அந்த வாரம் முடிவதற்குள் ரஷ்ய வங்கிகள் சிலவற்றை ஸ்விஃப்டிலிருந்து (உலக வங்கிகள் பணப் பரிமாற்றத் தகவல் அனுப்பும் வலையமைப்பு) நீக்கப் போவதாகவும், ரஷ்ய மத்திய வங்கியின் கையிருப்பை முடக்கப் போவதாகவும் மேற்கு நாடுகள் அறிவித்தன. அடுத்த சில வாரங்களில் விசா, மாஸ்டர்கார்டு, மெக்டொனால்ட்ஸ், ஐகியா என்று வரிசையாகக் கடையைக் கட்டினார்கள். போர் நிற்கவில்லை.

நான் கேட்பது இதுதான். தடை போட்டவர்கள் மனதில் ஒரு கணக்கு இருந்தது: பணக்காரர்களுக்குச் சொத்து போகும், நடுத்தர வர்க்கத்துக்கு வசதி போகும், இரண்டு பேரும் சேர்ந்து கிரெம்ளினைக் கேள்வி கேட்பார்கள். அது ஏன் நடக்கவில்லை? சாதாரண ஜனங்கள் உண்மையில் என்னதான் செய்தார்கள்? ரஷ்யா, உக்ரைன் இரண்டையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

தெரிந்ததை எழுதுங்கள். வாட்ஸப்பில் வந்த வீடியோ வேண்டாம்.

---

கணக்குப்பிள்ளை

வங்கிப் பக்கத்தை நான் சொல்கிறேன், அதில்தான் எனக்குச் சோறு.

போருக்கு முன் ரஷ்யாவின் அந்நியச் செலாவணி, தங்கக் கையிருப்பு எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 64,000 கோடி டாலர். அதில் ஏறக்குறைய பாதி, 30,000 கோடி டாலர் அளவுக்கு, வெளிநாடுகளில் முடக்கப்பட்டது. பெரும்பங்கு பெல்ஜியத்தில் உள்ள யூரோகிளியர் என்ற நிறுவனத்தின் கணக்குகளில் கிடக்கிறது. பிப்ரவரி 28 திங்கட்கிழமை காலை எல்விரா நபியுல்லினா (மத்திய வங்கித் தலைவர்) வட்டி விகிதத்தை 9.5 சதவீதத்திலிருந்து ஒரே அடியில் 20 சதவீதத்துக்கு ஏற்றினார். ஏற்றுமதியாளர்கள் சம்பாதிக்கும் டாலரில் 80 சதவீதத்தைக் கட்டாயம் விற்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. டாலர் கணக்கு வைத்திருந்த பொதுமக்கள் 10,000 டாலருக்கு மேல் நோட்டாக எடுக்க முடியாது என்றார்கள். மார்ச் மாதம் ஒரு டாலருக்கு 120 ரூபிள் வரை போனது, ஜூன் கடைசியில் 50-களில் வந்து நின்றது.

இதைத்தான் "ரூபிள் நன்றாக இருக்கிறது" என்கிறார்கள். அது நாணயத்தின் பலம் இல்லை. வாங்குவதற்கு வெளிநாட்டுச் சரக்கும் இல்லை, டாலரை வெளியே அனுப்ப வழியும் இல்லை, ஆனால் எண்ணெய், எரிவாயுப் பணம் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. வெளியே போகிற குழாயை அடைத்துவிட்டு உள்ளே வருகிற குழாயைத் திறந்து வைத்தால் தொட்டி நிரம்பத்தானே செய்யும்.

திறந்து வைத்தது யார்? தடை போட்டவர்களேதான். ஸ்விஃப்டிலிருந்து முதலில் நீக்கிய 7 வங்கிகளில் ஸ்பெர்பேங்க் இல்லை, காஸ்ப்ரோம்பேங்க் இல்லை. ஐரோப்பா எரிவாயுவுக்குப் பணம் கட்ட வேண்டுமே! ஸ்பெர்பேங்கை நீக்க ஜூன் வரை ஆனது. கடல்வழி எண்ணெய்க்கு ஐரோப்பியத் தடை நடைமுறைக்கு வந்தது டிசம்பர் 5. படையெடுப்பு நடந்து ஒன்பது மாதத்துக்கு மேல் கழித்து!

2022 ஏப்ரலில் ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்), ரஷ்யப் பொருளாதாரம் அந்த ஆண்டு 8.5 சதவீதம் சுருங்கும் என்று கணித்தது. நடந்தது அதில் கால்வாசியைத் தாண்டவில்லை.

அட்டை விஷயமும் சொல்லிவிடுகிறேன், பலரும் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். விசா, மாஸ்டர்கார்டு போன பிறகும் ரஷ்யாவுக்குள் அந்த அட்டைகள் வேலை செய்தன. 2014-ல் கிரிமியாவைப் பிடித்தபோது சில வங்கிகளுக்கு இதே இரண்டு நிறுவனங்களும் சேவையை நிறுத்தின. உடனே அவர்கள் உள்நாட்டுப் பரிவர்த்தனைக்குத் தனி அமைப்பு கட்டினார்கள், மிர் அட்டை கொண்டுவந்தார்கள். எட்டு வருஷம் ஒத்திகை பார்த்தவன் மேல் தடை போட்டிருக்கிறார்கள். மாட்டிக்கொண்டது யார் என்றால், வெளிநாடு தப்பிப் போன ரஷ்யர்கள். போரை எதிர்த்து இஸ்தான்புல்லுக்கும் திபிலிசிக்கும் பெட்டியோடு போய் இறங்கியவன் கையில் இருந்த அட்டை அங்கே வெறும் பிளாஸ்டிக்.

---

எதிர்க்கட்சி

2003-ல் அமெரிக்கா ஈராக்குக்குள் நுழைந்தபோது அமெரிக்க வங்கிகளை யார் ஸ்விஃப்டிலிருந்து தூக்கினார்கள்? காசாவுக்காக இஸ்ரேல் மேல் என்ன தடை? முதலில் அதைச் சொல்லுங்கள், பிறகு ரஷ்யாவைப் பற்றிப் பேசலாம்.

---

வைகைக்கரை

நியாயமான கேள்விதான். யாரும் போடவில்லை, போடவும் முடியாது. டாலர் யார் கையிலோ தடையும் அவர்கள் கையில். ஆனால் ரஷ்யப் படை பிடித்த உக்ரைன் நகரமான கெர்சனில் தெருவில் நின்ற பெண்மணியிடம் போய் "அமெரிக்காவை யாரும் கேட்கவில்லை, அதனால் உனக்காகவும் யாரும் கேட்கக்கூடாது" என்று சொல்ல முடியுமா? இரட்டை வேடத்துக்குத் தனி இழை போடுங்கள், முதல் ஆளாக வந்து எழுதுகிறேன்.

---

பழைய பேப்பர்

"மக்கள் ஏன் கொதிக்கவில்லை" என்ற கேள்விக்கு 1935-ஐப் பார்க்க வேண்டும். அக்டோபர் 3 அன்று முசோலினி எத்தியோப்பியாவுக்குள் படையை அனுப்பினார். எத்தியோப்பியாவும் உலக நாடுகள் சங்கத்தில் (ஐ.நா.வுக்கு முன்னோடி) உறுப்பினர், இத்தாலியும் உறுப்பினர். நவம்பர் 18 முதல் சங்கம் இத்தாலி மீது பொருளாதாரத் தடை விதித்தது. ஆயுதம் விற்கக்கூடாது, கடன் கொடுக்கக்கூடாது, இத்தாலியச் சரக்கை வாங்கக்கூடாது. ஆனால் பட்டியலில் எண்ணெய் இல்லை, நிலக்கரி இல்லை, இரும்பு எஃகும் இல்லை. டேங்கும் விமானமும் எதில் ஓடுமோ அதை மட்டும் விட்டுவிட்டார்கள். சூயஸ் கால்வாயும் திறந்தே இருந்தது. இத்தாலியப் படைக் கப்பல்கள் கட்டணம் கட்டிவிட்டு வழக்கம்போலப் போயின.

இப்போது மக்கள். தடை வந்து சரியாக ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 18 அன்று ரோமில் ஒரு சடங்கு நடந்தது. விட்டோரியோ இமானுவேல் நினைவிடத்தின் படிகளில் அண்டாவில் தீ மூட்டி வைத்திருந்தார்கள். ராணி எலெனா முதலில் ஏறித் தன் திருமண மோதிரத்தைக் கழற்றிப் போட்டார். பின்னால் போர் விதவைகள், தாய்மார்கள், வேலைக்காரப் பெண்கள் என்று வரிசை. தங்கத்தைப் போட்டவருக்கு ஓர் இரும்பு மோதிரம் கிடைத்தது. ரோமில் மட்டும் இரண்டரை லட்சம் மோதிரங்கள் சேர்ந்தன என்பது அன்றைய அரசு சொன்ன கணக்கு. எல்லாமே மனசார வந்ததா? இல்லை. விரலில் தங்கம் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரன் பார்ப்பான், கட்சிக்காரன் பார்ப்பான். அந்தப் பயமும் உண்டு. பித்தளை மோதிரத்தைப் போட்டுவிட்டுத் தங்கத்தைப் பெட்டியில் பூட்டியவர்களும் உண்டு. ஆனால் முசோலினிக்கு அந்தப் புகைப்படம் போதும். "ஐம்பது நாடுகள் சேர்ந்து நம் அடுப்பை அணைக்கப் பார்க்கின்றன" என்று சொல்ல ஒரு காரணம் கிடைத்தது. தேயிலைக்குப் பதில் செம்பருத்தி இனத்துப் பூவின் பானம், கம்பளிக்குப் பதில் பாலின் கேசீனிலிருந்து நூல் என்று எல்லாமே தேசபக்தி ஆனது.

1936 மே 5 அன்று எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபா விழுந்தது. ஜூன் 30-ல் பேரரசர் ஹைலே செலாசி ஜெனீவாவில் பேச எழுந்தபோது இத்தாலியப் பத்திரிகைக்காரர்கள் சீழ்க்கை அடித்தார்கள். ஜூலையில் தடை நீக்கப்பட்டது. எட்டு மாதம்தான் அதன் ஆயுள்.

அரைகுறையாகத் தடை போட்டால் ஆட்சியாளனுக்கு வலிக்காது, ஜனங்களுக்கு ரோஷம் மட்டும் வரும். அங்கே எண்ணெய், இங்கே எரிவாயு. கணக்குப்பிள்ளை சார் சொன்ன ஒன்பது மாதம் எனக்கு அதைத்தான் நினைவூட்டுகிறது.

---

எதிர்க்கட்சி

அப்போ முழுத் தடை போட்டால் சரியா ஐயா? குவைத்தைப் பிடித்ததற்காக 1990 ஆகஸ்டில் ஈராக் மேல் ஐ.நா. போட்டது முழுத் தடைதான். 13 வருஷம். சதாம் அரண்மனை கட்டிக்கொண்டிருந்தார், ஜனங்கள் ரேஷன் கடை வாசலில் நின்றார்கள்.

---

பழைய பேப்பர்

அந்த ரேஷன்தான் விஷயமே. மாவு, அரிசி, சீனி, தேயிலை, எண்ணெய் என மாதாமாதம் வீட்டுக்கு வீடு அரசுதான் கொடுத்தது. அதற்கு முன் சதாமை எதிர்த்தவன்கூட சாப்பாட்டுக்கு சதாமின் அட்டையை நம்ப வேண்டியதாயிற்று. பாக்தாத்தில் ஐ.நா.வின் மனிதநேயப் பணிகளுக்குப் பொறுப்பாக இருந்த டெனிஸ் ஹாலிடே 1998-ல் இந்தத் தடையை எதிர்த்துப் பதவி விலகினார். அடுத்து வந்த ஹான்ஸ் வான் ஸ்போனெக் 2000-ல் விலகினார். முழுத் தடைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை தம்பி. எண்ணெயை நிறுத்துவது வேறு, குளோரினையும் பென்சிலையும் நிறுத்துவது வேறு.

---

தேத்தண்ணி

யாழ்ப்பாணத்திலிருந்து. பொருளாதாரத் தடை எண்டால் எங்களுக்கு வேறு ஞாபகம்தான் வரும். தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டின ஆட்கள் நாங்கள். ஸ்டார்ட் பண்ண மட்டும் சிரிஞ்சால் இரண்டு சொட்டுப் பெட்ரோல். இரவு படிப்புக்கு ஜாம் போத்தல் விளக்கு. ஆனால் அது ஓர் அரசு தன் பிரதேசத்துக்குள்ளேயே இருந்த சனத்துக்குப் போட்ட தடை. இதோடு ஒப்பிட்டால் பேச்சு வேறெங்கோ போய்விடும், விட்டுவிடுகிறேன்.

நான் எழுத வந்தது ரஷ்யாவின் ஏரோஃப்ளோட் நிறுவன விமானக் கதை. 2022 ஜூன் 2 அன்று கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து மொஸ்கோவுக்குப் புறப்பட வேண்டிய ஏர்பஸ் ஏ330. பயணிகள் எல்லாம் தயார். கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்திலிருந்து தடை உத்தரவு வருகிறது. விமானம் ரஷ்யாவுடையது இல்லை, அயர்லாந்தில் பதிந்த ஒரு குத்தகை நிறுவனத்துடையது. ஐரோப்பியத் தடைக்குப் பிறகு குத்தகை ரத்து, விமானத்தைத் திருப்பித் தா என்று வழக்கு. ரஷ்யா அப்போது இப்படி நூற்றுக்கணக்கான வெளிநாட்டு விமானங்களைத் திருப்பிக் கொடுக்காமல் தன் நாட்டுப் பதிவில் ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் எங்கள் நாடு எப்படி இருந்தது என்று எல்லாருக்கும் தெரியும். பெற்றோல் வரிசை, காஸ் வரிசை, பால்மா இல்லை, டொலர் இல்லை. வந்துகொண்டிருந்த கொஞ்ச உல்லாசப் பயணிகளில் ரஷ்யர்கள் முக்கியமானவர்கள். தேயிலை வாங்குவதிலும் ரஷ்யா பெரிய ஆள். மொஸ்கோவில் எங்கள் தூதுவரைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள், ஏரோஃப்ளோட் கொழும்புப் பறப்புகளை நிறுத்தியது. நாலு நாளில் நீதிமன்றம் உத்தரவை இடைநிறுத்தியது, விமானம் போய்விட்டது. அடுத்த மாதம் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய எரிபொருளைக் கடனாகத் தரச்சொல்லிப் புட்டினோடு தொலைபேசியில் கதைத்தார்.

தடை போடுகிற நாடுகளுக்கு அதைத் தாங்க வசதி இருக்கிறது. அதை நிறைவேற்றச் சொல்லி எங்களைப் போன்ற நாட்டின் நீதிமன்றத்தில் வந்து நின்றால், நாங்கள் எந்தப் பக்கம் நிற்பது? ஹிக்கடுவையில் ரொட்டிக்கடை வைத்திருக்கிறவனுக்கு அந்த விமானத்தில் வருகிறவன்தான் வருமானம்.

---

கார்கிவ்பறவை

உக்ரைனின் கார்கிவ் நகரத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் ஆண்டு. இந்திய அரசு மாணவர்களை மீட்ட ஆபரேஷன் கங்காவில் ஊர் வந்து சேர்ந்தவர்களில் ஒருத்தி. இந்த மன்றத்தில் அவ்வளவாக எழுதுவதில்லை.

எல்லாரும் ரஷ்ய ஜனங்களையே பேசுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன். மார்ச் 2 மதியம் இந்தியத் தூதரகம் "உடனே கார்கிவ்வை விட்டு வெளியேறுங்கள், வண்டி கிடைக்காவிட்டால் நடந்தே பக்கத்து ஊரான பிசோசின் போங்கள், மாலை 6 மணிக்குள் போய்விடுங்கள்" என்று அறிவித்தது. நாங்கள் நடந்தோம். ஸ்டேஷனில் ரயிலில் ஏற முடியவில்லை, கூட்டம். அதுவரை மெட்ரோ சுரங்கத்தில் இருந்தோம். விடுதியைப் பார்த்துக்கொண்ட அம்மா ஒருவர், பாபுஷ்கா என்றுதான் கூப்பிடுவோம், எங்கள் கூடவே சுரங்கத்துக்கு வந்தார். நாங்கள் கிளம்பியபோது ஊறுகாய் போட்ட வெள்ளரி பாட்டிலைப் பையில் திணித்துவிட்டு, அவர் மட்டும் திரும்பிப் போனார். மகன் ஊர்க்காவல் படையில் சேர்ந்துவிட்டானாம். அங்கே அதை டெரோ என்று சுருக்கிச் சொல்வார்கள்.

அந்த நகரத்தில் யாரும் தடைகளுக்காகக் காத்திருந்து நான் பார்க்கவில்லை. அவரவர் கையில் கிடைத்த வேலையைச் செய்தார்கள். லிவிவ்வில் ஒரு பீர் ஆலை பெட்ரோல் குண்டு பாட்டில் நிரப்பியது செய்தியில் வந்தது. என்னோடு படித்தவர்கள் நூலகத்தில் உட்கார்ந்து பழைய துணியைக் கிழித்து உருமறைப்பு வலை பின்னினார்கள். குளிர்காலத்தில் அகழி மெழுகுவர்த்தி. செய்முறை சொல்கிறேன்: மீன் டின் ஒன்றை எடுத்து, அட்டைப்பெட்டியின் நெளி அட்டையை டின் உயரத்துக்கு வெட்டி, இறுக்கிச் சுருட்டி உள்ளே வைக்க வேண்டும். நடுவில் திரிக்கு ஓர் அட்டைத் துண்டு. பிறகு தேவாலயத்தில் மிஞ்சிய மெழுகு, பாரஃபின் எது கிடைத்தாலும் உருக்கி ஊற்ற வேண்டும். மணிக்கணக்கில் எரியும், மேலே தண்ணீர் காய்ச்சலாம். பள்ளிப் பிள்ளைகள் வீட்டுப்பாடம் போலச் செய்து அனுப்பினார்கள்.

பணம் என்றால் மோனோபேங்க் செயலியில் "பாங்கா" என்று ஓர் உண்டியல் வசதி. யார் வேண்டுமானாலும் திறந்து லிங்க் அனுப்பலாம். 2022 ஜூனில் பைரக்டார் ட்ரோன் வாங்க செர்ஹி பிரிட்டுலாவின் அறக்கட்டளை பணம் கேட்டது. மூன்றே நாளில் 60 கோடி ஹ்ரிவ்னியா (உக்ரைன் பணம்) சேர்ந்தது. துருக்கிக் கம்பெனி காசு வேண்டாம், ட்ரோனைச் சும்மா தருகிறேன் என்றுவிட்டது. அந்தக் காசில் ஒரு ஃபின்லாந்து நிறுவனத்தின் செயற்கைக்கோள் படங்களை ராணுவத்துக்காக வாங்கினார்கள்.

கெர்சனைப் பற்றி அண்ணா எழுதியிருந்தார். மார்ச்சில் அங்கே தினமும் சதுக்கத்தில் நின்று "வீட்டுக்குப் போ" என்று ரஷ்யச் சிப்பாய்களிடம் கத்தினார்கள். கண்ணீர்ப்புகை, துப்பாக்கிச் சூடு, ஆள் கடத்தல் என்று வந்த பிறகு தெருவில் கூட முடியவில்லை. மே மாதம் ரூபிளைக் கொண்டுவந்தார்கள். சந்தையில் விலையை ஹ்ரிவ்னியாவிலேயே சொன்னார்கள், ரூபிள் கொடுத்தால் சில்லறை இல்லை என்றார்கள். இரவில் கம்பங்களில் மஞ்சள் ரிப்பன் கட்டினார்கள். மாட்டினால் அடித்தளச் சித்திரவதை அறைதான். நவம்பர் 11 அன்று உக்ரைன் படை உள்ளே வரும் வரை அப்படியே.

என் தோழி இன்னும் கார்கிவ்வில்தான். அவளுடைய தம்பி மெட்ரோ ஸ்டேஷனுக்குள் நடக்கும் பள்ளியில் படிக்கிறான். தடைகளைப் பற்றி அவளிடம் ஒரு தடவை கேட்டேன். "நேற்று விழுந்த ஏவுகணைத் துண்டில் மேற்கு நாட்டு சிப் இருந்ததாம், அதை முதலில் நிறுத்தச் சொல்" என்றாள்.

---

கணக்குப்பிள்ளை

சிப் விஷயத்தில் உங்கள் தோழி சொன்னது உண்மை அம்மா. நேராக விற்பதை நிறுத்தினார்கள். உடனே கஜகஸ்தான், ஆர்மீனியா, கிர்கிஸ்தான், துருக்கி, துபாய், ஹாங்காங் வழியாகப் போக ஆரம்பித்தது. ரஷ்யாவே 2022-ல் "இணை இறக்குமதி" என்று சட்டம் போட்டு, பிராண்டுக்காரன் அனுமதி இல்லாமலே அவன் சரக்கைக் கொண்டுவரலாம் என்று அனுமதித்துவிட்டது. ஐபோனும் அப்படித்தான் போகிறது. மாஸ்கோ கடைகளில் கிடைக்கிறது, விலை மட்டும் கூட.

---

நெல்லைச்சீமை

சும்மா வாசித்துக்கொண்டிருந்தேன். லாடா கார் கதையை யாரும் சொல்லவில்லையே! 2022 மே மாதம் ரஷ்யாவில் புதுக் கார் விற்பனை முந்தைய ஆண்டைவிட 80 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. ஜூனில் லாடா கிரான்டாவைத் திரும்ப விட்டார்கள். ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது. பெயர் "கிளாசிக்". இந்தத் தைரியம் நம்ம ஊர் கம்பெனிக்குக்கூட வராது.

---

கொற்கைத்துறை

தூத்துக்குடிக்காரன், டேங்கரில் இரண்டாம் இன்ஜினியர். எண்ணெய் எப்படிப் போகிறது என்று கொஞ்சம் தெரியும்.

2022 டிசம்பர் 5-ல் ஜி7 நாடுகள் ஒரு வரம்பு வைத்தன. ரஷ்யக் கச்சா எண்ணெயை பேரலுக்கு 60 டாலருக்கு மேல் விற்றால் எங்கள் இன்ஷூரன்ஸ் கிடையாது, எங்கள் கப்பல் கிடையாது என்றன. நோக்கம் எண்ணெயை நிறுத்துவது இல்லை. எண்ணெய் வர வேண்டும், விலை ஏறக்கூடாது, ரஷ்யாவுக்கு லாபம் குறைய வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது என்ன? உடைக்கப் போக வேண்டிய பதினைந்து, இருபது வயசுக் கப்பல்களைப் பெயர் தெரியாத கம்பெனிகள் நல்ல விலைக்கு வாங்கின. காபோன், குக் தீவுகள், கேமரூன் என்று கொடி மாறிக்கொண்டே இருக்கும். பெயரையும் மாற்றிப் பெயின்ட் அடிப்பார்கள். ஏஐஎஸ் என்று ஒரு கருவி உண்டு, கப்பல் எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் காட்டும். அதை அணைத்துவிட்டுப் போவார்கள், இல்லை வேறு இடத்தில் இருப்பதுபோலப் பொய்க் குறி அனுப்புவார்கள்.

கிரீஸின் தெற்கே லக்கோனியா வளைகுடா இருக்கிறது. கரையிலிருந்து பார்த்தாலே தெரிகிற தூரத்தில் இரண்டு டேங்கரைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டி, நடுவில் ரப்பர் ஃபெண்டர் போட்டு, குழாய் மாட்டி எண்ணெயை மாற்றிக்கொண்டிருந்தார்கள். கப்பலுக்குக் கப்பல் மாற்றுவது சட்டவிரோதம் இல்லை, நாங்களும் செய்திருக்கிறோம். ஆனால் நல்ல கம்பெனியில் அதற்கு நாற்பது சரிபார்ப்பு. இப்படித் தடைக்கு டிமிக்கி கொடுத்து ஓடும் நிழல் கப்பலில் யார் பார்க்கிறார்கள்? குழாய் பிய்ந்தால் எண்ணெய் கடலில், கேட்க உண்மையான இன்ஷூரன்ஸ்காரன் கிடையாது.

இந்தியா விஷயம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். போருக்கு முன் நம் இறக்குமதியில் ரஷ்ய எண்ணெய் 2 சதவீதம்கூட இல்லை, 2023-ல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. ஜாம்நகரிலும் வாடினாரிலும் சுத்திகரித்து டீசலாக ஐரோப்பாவுக்கே போனது. எல்லாருக்கும் தெரியும், யாரும் கண்டுகொள்ளவில்லை. 2025-ல்தான் டிரம்ப் அதைச் சாக்காக வைத்து நம் சரக்குக்கு 25 சதவீதம் கூடுதல் வரி போட்டார். திருப்பூர் பனியன்காரனுக்கும் எறால் பண்ணைக்காரனுக்கும் அடி. அவர்கள் எந்த எண்ணெயை வாங்கினார்கள் என்று கேட்கக்கூடாது.

கப்பல் தொழிலாளர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிரிட்டன் 2022 மார்ச்சில் ரஷ்யக் கப்பல்களுக்குத் துறைமுகத்தை மூடியது, ஆனால் வேறு கொடியில் வரும் ரஷ்ய எண்ணெய்க்கு அந்தத் தடை இல்லை. ஸ்டான்லோ சுத்திகரிப்பு ஆலையில் ஜெர்மன் கொடியோடு ஒரு கப்பல் வந்தபோது, தொழிலாளர்கள் இறக்க மாட்டோம் என்று கையைக் கட்டிக்கொண்டார்கள். ஸ்வீடனில் துறைமுகத் தொழிலாளர் சங்கம் அந்த மாதக் கடைசியிலிருந்து ரஷ்யக் கப்பலையும் சரக்கையும் புறக்கணித்தது. அரசாங்கம் விட்ட ஓட்டையைக் கிரேன் ஓட்டுகிறவன் அடைத்தான்.

---

பழைய பேப்பர்

1935-லும் இது உண்டு. டர்பனிலும் கேப்டவுனிலும் கருப்பினத் துறைமுகத் தொழிலாளர்கள் இத்தாலியக் கப்பலில் சரக்கு ஏற்ற மறுத்தார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் இருந்த இத்தாலியப் படைக்குப் போக இருந்த இறைச்சி அது. தென்னாப்பிரிக்காவில் அவர்களுக்கு ஓட்டுக்கூடச் சரியாக இல்லாத காலம்.

---

எதிர்க்கட்சி

சரி, எல்லாம் கேட்டாயிற்று. ரஷ்யர்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்ற முதல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

---

வைகைக்கரை

திறந்தார்கள். முதல் சில வாரங்களில் தெருவில் இறங்கியதற்காக ஆயிரக்கணக்கானவர்கள் கைதானார்கள். மார்ச் 4-ல் புதுச் சட்டம் வந்தது: ராணுவத்தைப் பற்றிப் "பொய்த் தகவல்" பரப்பினால் 15 ஆண்டு வரை சிறை. போர் என்று சொல்வதே பிரச்சினை, "சிறப்பு ராணுவ நடவடிக்கை" என்றுதான் சொல்ல வேண்டும். சிலர் வெறும் வெள்ளைத் தாளைப் பிடித்து நின்றார்கள், அவர்களையும் வேனில் ஏற்றினார்கள்.

எனக்கு மறக்காத ஆள் சாஷா ஸ்கோசிலென்கோ. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஓவியர். 2022 மார்ச் 31 அன்று ஒரு சூப்பர்மார்க்கெட்டுக்குள் போய், அலமாரியில் இருந்த சில விலைச்சீட்டுகளை எடுத்துவிட்டு அதே அளவில் அச்சடித்த வேறு சீட்டுகளைச் செருகினார். தூரத்தில் பார்த்தால் விலைதான். கிட்டே போய்ப் படித்தால், உக்ரைன் நகரமான மரியுபோலில் மக்கள் ஒளிந்திருந்த ஓவியப் பள்ளியின் மேல் ரஷ்யப் படை குண்டு போட்டது என்று இருக்கும். கடைக்கு வந்த ஒரு பாட்டி அதைப் படித்துப் போலீஸில் சொன்னார். விசாரணைக் காவலிலேயே ஒன்றரை வருஷத்துக்கு மேல், அப்புறம் 2023 நவம்பரில் 7 ஆண்டு தண்டனை. 2024 ஆகஸ்ட் 1 கைதிகள் பரிமாற்றத்தில் வெளியே வந்தார்.

அந்த வாரங்களில் ரஷ்யக் கடைகளில் எல்லாரும் விலைச்சீட்டைத்தான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீனி தட்டுப்பாடு, ஏ4 தாள் விலை எகிறியது, தைராய்டு மாத்திரைக்கு மருந்துக்கடை கடையாக அலைந்தார்கள். மருந்துக்குத் தடை கிடையாது, ஆனால் பணம் அனுப்பும் வழியும் லாரி வரும் வழியும் குழம்பினால் மருந்தும் குழம்பும். அவர் அந்தச் சீட்டைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். விலை ஏன் ஏறியது என்பதற்கான காரணத்தை அந்த இடத்திலேயே எழுதி வைத்தார். ஆனால் டிவி வேறு காரணம் சொல்லிவிட்டது: மேற்கு நாடுகள் நம்மேல் பொறாமையில் செய்கிறார்கள் என்று. ஏழு வருஷச் சிறைக்கும் டிவிக்கும் நடுவில் இருக்கிறவன் சீனி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவான். நானும் அதைத்தான் செய்வேன்.

தைரியம் உள்ளவர்களும் வசதி உள்ளவர்களும் வெளியேறினார்கள். செப்டம்பர் 21-ல் 3 லட்சம் பேரைப் படைக்குக் கூப்பிட்டதும், ஜார்ஜியா எல்லையில் அப்பர் லார்ஸில் கார் வரிசை கிலோமீட்டர் கணக்கில் நின்றது. கேள்வி கேட்கக்கூடியவர்கள் நாட்டை விட்டுப் போனது கிரெம்ளினுக்கு வசதியாகப் போய்விட்டது.

---

கணக்குப்பிள்ளை

ஒன்று சேர்க்கிறேன், "தடை ஒன்றும் செய்யவில்லை" என்று யாரும் எழுதிவிட்டுப் போகக்கூடாது. மெதுவாகச் செய்தது. 2023 டிசம்பரில் புதினின் நேரலை நிகழ்ச்சியில் ஒரு மூதாட்டி முட்டை விலையைக் கேட்டார், புதின் மன்னிப்புக் கேட்டார். போரைத் தொடங்கியதற்கு இல்லை, முட்டைக்கு! அடுத்த ஆண்டு வெண்ணெய் திருட்டு அதிகமாகி, கடைக்காரர்கள் வெண்ணெய்க் கட்டியைப் பிளாஸ்டிக் பெட்டியில் பூட்டி வைத்தார்கள். 2024 அக்டோபரில் வட்டி 21 சதவீதம். வீட்டுக் கடன் வாங்க நினைத்தவனைக் கேட்டால் தெரியும். இதில் தடையின் பங்கு எவ்வளவு, போருக்கு அரசு வாரி இறைத்த பணத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். போர்ச் செலவின் பங்கு பெரிது என்பது என் எண்ணம். ஆயுத ஆலையில் சம்பளம் ஏறியது, ஆள் கிடைக்கவில்லை, விலை ஏறியது. சிப்பாயாகச் சேர்ந்தால் கிடைக்கும் கையெழுத்துப் பணத்தில் சைபீரியக் கிராமத்தில் வீடே வாங்கலாம். அந்தக் குடும்பத்தைப் பொறுத்தவரை தடைக்காலம் செழிப்பான காலம். அவன் உயிரோடு திரும்பினால்.

---

நெறியாளர்

காசா, ஈராக் பற்றிய நான்கு பதிவுகளைப் புதிய இழைக்கு மாற்றியிருக்கிறேன். ஒரு பதிவு வசைச்சொல்லுக்காக நீக்கப்பட்டது. தொடருங்கள்.

---

மணப்பாடு_ஜோ

கொற்கைத்துறை அண்ணனுக்கு ஒரு கேள்வி, இழைக்குப் பொருந்தாவிட்டால் மன்னிக்கவும். என் தம்பி ஜி.பி. ரேட்டிங் (மாலுமிகளுக்கான அடிப்படைப் பயிற்சி) முடித்துவிட்டு ஒரு வருஷமாகக் கப்பல் கிடைக்காமல் இருக்கிறான். துபாய் ஏஜென்ட் ஒருத்தர் டேங்கரில் வேலை என்கிறார். சம்பளம் மற்ற இடத்தைவிட ஒன்றரை மடங்கு. கப்பல் பெயர் கேட்டால் "ஏறும்போது சொல்கிறோம்" என்கிறார். நீங்கள் எழுதியதைப் படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது.

---

கொற்கைத்துறை

கலக்க வேண்டியதுதான் தம்பி. பெயர் சொல்லாத கப்பலில் ஏற வேண்டாம் என்று சொல்.

முதலில், அந்த ஏஜென்டுக்கு நம் டிஜி ஷிப்பிங் (கப்பல் துறை இயக்குநரகம்) கொடுக்கும் ஆர்பிஎஸ்எல் உரிமம், அதாவது கப்பலுக்கு ஆள் எடுக்கும் அனுமதி, இருக்கிறதா என்று பாருங்கள். இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. இல்லாவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். இருந்தால், கப்பலின் ஐஎம்ஓ எண்ணைக் கேளுங்கள். பெயரும் கொடியும் எத்தனை தடவை மாறினாலும் அந்த ஏழு இலக்கம் மாறாது. ஈக்வாசிஸ் என்ற இலவசத் தளத்தில் போட்டால் கப்பலின் வயசு, முன்பிருந்த பெயர், உரிமையாளர், எந்தத் துறைமுகத்தில் பிடித்து நிறுத்தினார்கள் என்பது வரை வரும். பி அண்ட் ஐ இன்ஷூரன்ஸ் (எண்ணெய்க் கசிவு, மாலுமிக்குக் காயம் போன்றவற்றுக்கான காப்பீடு) யாரிடம் என்று பார்க்க வேண்டும். பிறகு அமெரிக்கா, ஐரோப்பா, பிரிட்டன் தடைப் பட்டியல்களில் அந்த எண் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

2024 டிசம்பரில் ஃபின்லாந்து பிடித்த ஈகிள் எஸ் என்ற நிழல் டேங்கரில் இந்தியர்களும் இருந்தார்கள். கப்பல் மாட்டினால் முதலாளி போனை எடுக்க மாட்டான். சம்பளம் மாசக்கணக்கில் நிற்கும், பாஸ்போர்ட் எங்கோ இருக்கும், தண்ணீரும் அரிசியும் ஐடிஎஃப் (சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கம்) ஆட்கள் கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. தடைப் பட்டியலில் இருக்கிற கப்பலில் வேலை பார்த்த சான்று சிடிசி புத்தகத்தில் (மாலுமியின் பணிப் பதிவேடு) விழுந்துவிட்டால், அடுத்து நல்ல கம்பெனி கூப்பிடவும் யோசிக்கும்.

ஐஎம்ஓ எண் கிடைத்தால் இங்கே போடாதே, தனிமடலில் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை வரை கரையில்தான் இருக்கிறேன், பார்த்துச் சொல்கிறேன்.